பின்கட்டு அபாயம்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ராஜபாட்டையில் பூவிருந்தவல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து போகிறவர்கள், இருங்காட்டுக்கோட்டை முதல் ஸ்ரீபெரும்புதூர் வரையிலும், அங்கிருந்து திரும்பி ஒரகடம் வரையிலும், இரு மருங்கும் தொழிற்சாலைகளாகவே காண்பார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் காரும், 2010இல் ஒரகடத்தில் நிஸ்ஸான் காரும் வெளிவரத் தொடங்கிய பிறகு, ஏரிப் பாசனமும் புன்செய்யுமாக இருந்த பூமி உலகச் சந்தைக்குச் சாமான் அனுப்பும் பூமியாகிவிட்டது. தொழிற்சாலைகளின் முகப்பில் புல்வெளி உண்டு. கொடிக் கம்பங்கள் உண்டு. முகம் தெரியும் கண்ணாடிச் சுவர்கள் உண்டு. மந்திரிமார்கள் வந்து போகும் வழியும் முகப்புதான். ஆயினும், சம்பந்தம் பேசப் போகும் வீட்டில் நம் பாட்டிமார்கள் கூடத்தில் உட்காருவதற்கு முன்பே பின்கட்டை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். குடும்பத்தின் லட்சணம் கூடத்தில் தெரிவதைவிடப் பின்கட்டில்தான் அதிகம் தெரியும் என்பது அவர்களுடைய அநுபவம். நாமும் இன்று இத்தொழிற்சாலைகளின் பின்கட்டைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

பின்கட்டில் இருப்பது கழிவுநீர். கார் உற்பத்திக்கும், அதன் உறுப்புகளின் உற்பத்திக்கும் நீர் ஏராளமாக வேண்டும். இந்த வட்டாரத் தொழிற்பேட்டைகளுக்காகவே சென்னை நகரத்தின் சாக்கடை நீரைக் கோயம்பேட்டில் மும்முறை சுத்தி செய்து, நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வரை குழாய் வழியே அனுப்பும் ஏற்பாடு 2019இல் தொடங்கப்பட்டது. வந்த நீர் உலோகத் தகடுகளைக் கழுவியும், வர்ணம் பூசும் கூடத்தில் மிதந்த வர்ணத்தைச் சுமந்தும், யந்திர எண்ணெயைக் கலந்துகொண்டும், ஆயிரக்கணக்கானவர்களின் சமையற்கட்டிலும் கழிப்பிடத்திலும் புழங்கியும், முடிவில் தொழிற்சாலையின் கடைக்கோடி மூலையிலுள்ள தொட்டிகளுக்கு வந்து சேருகிறது. அங்கே பம்புகளும் கலக்கிகளும் காற்றூதிகளும் ஓடுகின்றன. நீரின் மட்டத்தைக் காட்டும் மிதவை ஸ்விட்ச்சுகள், ஓட்டத்தை அளக்கும் மீட்டர்கள், புளிப்புக்காரத் தன்மையை அளக்கும் கருவிகள், விளக்குகள், அவற்றுக்கெல்லாம் செல்லும் கம்பிகள், கம்பிகள் சந்திக்கும் பெட்டிகள் ஆகியவை தொட்டியின் உள்ளும் புறமும் பொருத்தப்பட்டிருக்கின்றன. காற்றாடாத ஈரமான இடத்தில், விஷவாயு தேங்கும் கிணற்றின் வாயில், மின்சாரத்தை ஏந்தி நிற்கும் இக்கருவிகள் எத்தகையவை, அவற்றைப் பரீட்சை செய்தவர்கள் யார், இன்று அவை என்ன நிலையில் இருக்கின்றன என்பதை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

கழிவுநீர்த் தொட்டியின் வாயு மனிதனைக் கொல்லும் என்பதை ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2019 மார்ச் 26ந் தேதி, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில் ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய வீட்டுக்காரரும், அவரைக் காப்பாற்ற இறங்கிய இரு புதல்வர்களும், அவர்களைக் காப்பாற்ற முற்பட்டவர்களுமாக அறுவர் மாண்டனர். 2022 அக்டோபரில் கச்சிப்பட்டில் ஒரு தனியார் விடுதியின் தொட்டியில் மூன்று தொழிலாளிகள் அதே விதமாக உயிரிழந்தனர். இவர்களைக் கொன்றது மூச்சுத் திணறல். ஆனால் மூச்சை நிறுத்தும் அந்த வாயுக்களுக்கு மற்றொரு குணமும் உண்டு. அவை எரியும்; அடைபட்ட இடத்தில் வெடிக்கும். இதை அறிந்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே.

அழுகும் கழிவிலிருந்து முக்கியமாக இரண்டு வாயுக்கள் எழுகின்றன. ஒன்று மீத்தேன். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிட லேசானதாகையால் மூடியின் அடியிலும் கூரையின் கீழும் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு முதல் பதினைந்து பங்கு வரை அது கலந்திருந்தால் ஒரு பொறி போதும். மற்றொன்று ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு. காற்றைவிடச் சற்றுக் கனமானதால் அடியில் தேங்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டியதும் அது நாசியின் மோப்ப சக்தியையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று நம்பி இறங்குகிறவன் சாவை நோக்கி இறங்குகிறான். இதுவும் எரியும் வாயுவே. தொழிற்பேட்டையிலோ இவ்விரண்டோடு மூன்றாவது சத்துரு ஒன்றும் உண்டு. வர்ணம் கரைக்கும் தின்னர், எண்ணெய்ப் பசை போக்கும் திராவகங்கள், சிந்திய பெட்ரோல் இவற்றில் சிறிதளவு கால்வாயில் கலந்தாலும், ஆவியாகி மூடிய குழாய்க்குள் தவழ்ந்து, புறப்பட்ட இடத்துக்கு வெகு தூரத்தில் தீயைத் தேடிக்கொள்ளும். அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் 1981 பிப்ரவரி 13ந் தேதி, சோயா எண்ணெய் ஆலை ஒன்றிலிருந்து சாக்கடையில் கலந்த ஹெக்ஸேன் என்னும் திராவகத்தின் ஆவி, மேலே தெருவில் சென்ற ஒரு மோட்டார் காரின் பொறியால் பற்றிக்கொண்டு, தெருத் தெருவாக வெடித்தது. அதிகாலையாகையால் உயிர்ச் சேதமில்லை. 1992 ஏப்ரலில் மெக்ஸிகோவின் குவாதலஹாரா நகரத்திலோ சாக்கடையில் கசிந்த பெட்ரோல் இருநூறுக்கு மேற்பட்டவர்களைப் பலி கொண்டது.

பொறி என்றதும் நேயர்கள் பெரிய தீக்கங்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்குச் செலவாகும் சக்தி ஏறக்குறைய ஒரு ஜூல். அதை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூற்றையும் மூன்றாகப் பிளந்தால் கிடைக்கும் அற்பமே மீத்தேனைப் பற்ற வைக்கப் போதுமானது. ஹைட்ரஜன் ஸல்பைடுக்கு அதிலும் நாலில் ஒரு பங்கு போதும். சுவர் ஸ்விட்ச்சைத் தட்டும்போது உள்ளே தெறிக்கும் நீலப் பொறி இதைப்போல் பல மடங்கு வலுவுள்ளது. பொறியே இல்லாமற் போனாலும், கருவியின் மேற்பரப்புச் சூடு ஒன்றே போதும். ஹைட்ரஜன் ஸல்பைடு ஏறக்குறைய 260 டிகிரியில் தானே தீப்பற்றிக் கொள்ளும்.

இந்த உண்மையை உலகம் கற்றுக்கொண்டது சுரங்கத்தில். வேல்ஸ் நாட்டில் ஸெங்கனித் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் 1913 அக்டோபர் 14ந் தேதி நேர்ந்த வெடியில் 439 தொழிலாளிகள் மடிந்தார்கள். காப்பாற்றப் போன ஒருவரும் மாண்டார். பொறி எங்கிருந்து வந்ததென்று ஐயமற நிரூபிக்க முடியவில்லை. ஆனால் விசாரணையில் சந்தேகம் வலுத்த இடங்களில் ஒன்று, சுரங்கத்தில் அடையாளம் கொடுக்கும் மின்சார மணி. காப்பில்லாத இரண்டு கம்பிகளை ஓர் இரும்புத் துண்டால் தொட்டால் தொலைவில் மணி அடிக்கும். அதற்குச் சில பாட்டரிகளே ஆதாரம். நாலைந்து பாட்டரியின் மின்சாரம் என்ன செய்துவிடும் என்பதே அன்றைய எண்ணம். வீலர், தார்ன்டன் என்ற இரு பேராசிரியர்கள் ஆராய்ந்தபோது, மணிக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளில் தேங்கும் சக்தி, தொடர்பு அறும் கணத்தில் பொறியாக வெளிப்பட்டு, சுரங்க வாயுவைப் பற்ற வைக்க வல்லது என்று தெரிந்தது. வோல்ட் குறைவானால் அபாயம் இல்லை என்ற நம்பிக்கை அன்றோடு ஒழிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் அது இன்னும் ஒழிந்தபாடில்லை. “இருபத்துநாலு வோல்ட்தானே, ஸார்!” என்ற சொல்லைக் கேட்காத இஞ்சினீயர் உண்டோ?

அந்தப் பாடத்திலிருந்து பிறந்தவைதாம் இன்றுள்ள பாதுகாப்பு முறைகள். அவற்றில் இரண்டை மட்டும் இங்கே விளக்குவோம். முதலாவது, தொழிலில் ஃபிளேம்புரூஃப் என்று வழங்குவது. இது வாயு புகாத பெட்டி என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். வாயு உள்ளே புகும். உள்ளே வெடிக்கவும் செய்யும். அந்த வெடியைத் தாங்கும் கனமான வார்ப்புப் பெட்டி அது. மூடியும் பெட்டியும் சேரும் இடத்திலுள்ள மிகக் குறுகிய, ஆனால் நீண்ட இடுக்கு வழியே வெளிவரும் தீ, உலோகத்தின் குளிர்ச்சி பட்டு அணைந்துவிடுகிறது. டேவி என்பவர் 1815இல் சுரங்க விளக்கைச் சுற்றிக் கம்பி வலை அமைத்ததும் இதே தத்துவத்தில்தான். மோட்டார்களுக்கும் விளக்குகளுக்கும் இம்முறை ஏற்றது. இரண்டாவது முறை மேலும் நுட்பமானது. தொட்டிக்குள் செல்லும் அளவுக் கருவிக்கு, கம்பி அறுந்தாலும், இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொண்டாலும், பொறி உண்டாக்கப் போதுமான சக்தியே ஒருபோதும் போய்ச் சேராதபடி, அபாயமில்லாத அறையிலேயே ஒரு தடுப்பை வைத்துவிடுவது. எரிக்கும் திறனையே முன்கூட்டிப் பறித்துவிட்டு மின்சாரத்தை உள்ளே அனுப்புவது போல. இத்தகைய கம்பிகளை இளநீல நிறத்தால் அடையாளம் காட்டுவது வழக்கம். வேறு கம்பிகளோடு அவற்றைக் கலக்கலாகாது.

இக்கருவிகளை எங்கே எதை வைப்பது என்பதற்கு இந்தியத் தர நிர்ணயங்களே இருக்கின்றன. 5572 என்ற எண்ணுள்ள இந்திய நிர்ணயம், எரியும் வாயு எந்நேரமும் இருக்கும் இடம், சாதாரண வேலையின்போதே தோன்றக்கூடிய இடம், தவறு நேர்ந்தால் மட்டும் சிறிது நேரம் தோன்றும் இடம் என்று அபாயப் பிரதேசத்தை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கச் சொல்கிறது. 5571 என்ற எண்ணுள்ளது அந்தந்த மண்டலத்துக்குரிய கருவியைத் தேர்ந்தெடுக்கும் வழியைச் சொல்லுகிறது. பரீட்சை செய்வதற்குச் சீமைக்கும் போக வேண்டியதில்லை. தன்பாத்திலுள்ள மத்திய சுரங்க எரிபொருள் ஆராய்ச்சி நிலையத்திலேயே செய்யலாம். அறிவும் இருக்கிறது, நிர்ணயமும் இருக்கிறது, பரீட்சைச் சாலையும் இருக்கிறது. ஆயினும் அத்தாட்சி பெற்ற மிதவை ஸ்விட்ச்சுக்கும் கடையில் வாங்கிய சாதாரண மிதவைக்கும் உள்ள விலை வித்தியாசம், குறைந்த தொகைக்கு வேலையை ஏற்ற காண்டிராக்டரின் கணக்குப் புஸ்தகத்தில் ஒரு வரி. தொட்டிக்குள் அது மூழ்கிய பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?

பார்த்து வாங்கினாலும் காரியம் முடிந்துவிடவில்லை. நம் நாட்டு வழக்கத்தில் திறப்பு விழாவுக்குள்ள மரியாதை பராமரிப்புக்கு இல்லை. கழிவுநீர்த் தொட்டியின் ஹைட்ரஜன் ஸல்பைடு செம்பைக் கறுக்கச் செய்து தின்றுவிடும். ஈரத்தோடு சேர்ந்து இரும்பையும் அரிக்கும். எட்டு போல்ட் இருக்க வேண்டிய ஃபிளேம்புரூஃப் பெட்டியில் ஐந்து காணாமற் போய் மூன்று எஞ்சியிருந்தால், அது வெறும் கனத்த இரும்புப் பெட்டி, அதற்குமேல் ஒன்றுமில்லை. புதிய கம்பி ஒன்றை நுழைக்க யாரோ துளையிட்டு, முறையான கிளாண்டு போடாமல் துணியைத் திணித்து வைத்திருந்தால், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய அத்தாட்சி அன்றே செல்லாமற் போயிற்று. எர்த் கம்பியின் முனை அரித்துப் போயிருந்தால், வெளிப்பார்வைக்குக் கம்பி இருக்கும். மின்சாரத்துக்கு வழி இராது. மேலே சொன்ன தடுப்புச் சாதனங்களில் ஒரு வகை, நல்ல எர்த் இருந்தால்தான் வேலை செய்யும்.

எர்த் என்ற ஒன்றை அலட்சியம் செய்வதன் பயனைத் தேசம் முழுவதும் கண்டது சமோலியில். உத்தராகண்டத்தில் அலகநந்தா நதிக் கரையில், கங்கையைத் தூய்மைப்படுத்தும் திட்டத்தின் கீழ் அமைந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், 2023 ஜூலை 19ந் தேதி காலை அதன் காவலாள் இறந்து கிடப்பதாகச் செய்தி பரவிற்று. ஊரார் கூடினர், விசாரிக்கப் போலீஸார் வந்தனர். அவர்கள் நின்றுகொண்டிருந்தபோதே இரும்புக் கிராதிகளில் மின்சாரம் பாய்ந்தது. ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரும் ஹோம் கார்டுகளும் உட்பட 16 பேர் மாண்டனர். எர்த் அமைப்பு சரியாக இல்லை என்பதே விசாரணையில் முக்கியமாக வெளிப்பட்ட குறை. இங்கே வாயு வெடிக்கவில்லை. ஈரமான இடத்தில், கையால் பற்றும் இரும்பே கொலைக் கருவியாயிற்று. புனித நதியைச் சுத்தம் செய்ய ஏற்படுத்திய இடத்தில், முதலில் இறந்தவனைப் பார்க்க வந்தவர்கள் பதினைந்து பேர் இறந்தார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது. நெமிலியில் காப்பாற்றப் போனவர்கள் மாண்டதையும் நேயர்கள் இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கட்டும். இவ்வகை விபத்தில் முதற்பலி ஒருவனாக இருந்தாலும், பின்பலி எத்தனை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். பெட்ரோல் கிடங்கின் அபாய மண்டலத்தில் ஒரு மின்விளக்கை மாட்ட வேண்டுமானால், நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற்ற விளக்காக இருக்க வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்துக்குத் தன்பாத்திலுள்ள சுரங்கப் பாதுகாப்பு டைரக்டர் ஜெனரலின் அங்கீகாரம் வேண்டும். தொழிற்சாலையின் சாதாரணக் கழிவுநீர்க் கிணற்றுக்கு இவ்விருவரும் எஜமானர் அல்லர். அதே மீத்தேன்தான், சுரங்கத்தில் இருந்தால் அதற்கு ஒரு காவலன் உண்டு, சாக்கடையில் இருந்தால் இல்லை.

முற்றிலும் சட்டமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 36-ஏ பிரிவு, தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடங்களுக்குள், தக்க பாதுகாப்புச் சாதனமின்றி 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கையோ பிற மின்கருவியையோ கொண்டு போகலாகாது என்றும், எரியும் வாயு இருக்கக்கூடுமாயின் ஃபிளேம்புரூஃப் விளக்கைத் தவிர வேறு விளக்கே கூடாது என்றும் தெளிவாக விதித்திருந்தது. படித்த எவரும் புரிந்துகொள்ளக்கூடிய, தொழிலாளி மேற்கோள் காட்டி வாதாடக்கூடிய வாசகம் அது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் 2020ஆம் வருஷத்துத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. இப்புதுச் சட்டமோ, பாதுகாப்பு நுணுக்கங்களை மத்திய சர்க்கார் பிரகடனம் செய்யும் நிர்ணயங்களுக்கு விட்டுவிடுகிறது. பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தில் இருந்த வாசகம் ஒரு காரியாலயத்தின் பிரகடனத்துக்கு இறங்குமானால், அதை மாற்றுவதும் மழுப்புவதும் எளிதாகிவிடும். பழைய 36-ஏ பிரிவின் ஒவ்வொரு சொல்லும் புது நிர்ணயங்களில் குறைவின்றி இடம்பெற வேண்டுமென்பது நமது முதற் கோரிக்கை. அத்துடன், கழிவுநீர்த் தொட்டிகளில் நிரந்தரமாகப் பொருத்தப்படும் கருவிகளுக்கும் மண்டலப் பிரிவினையும் அத்தாட்சியும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

மாகாணத்தில் அதிகாரிகளுக்கும் குறைவில்லை. தொழிலகப் பாதுகாப்பு, சுகாதார இயக்ககம் யந்திரத்தைப் பார்க்கிறது. தலைமை மின் ஆய்வாளரின் இலாகா மின்சார அமைப்பைப் பார்க்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளிவரும் நீரைப் பார்க்கிறது. மூவரும் மூன்று நாளில் மூன்று புஸ்தகங்களோடு வருகிறார்கள். வாயுவும் மின்சாரமும் சந்திக்கும் அந்த ஒரு சாண் இடம் மூவருடைய புஸ்தகத்திலும் ஓரமாகி விடுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல், அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் தங்கள் கழிவை இடைவிடாது அளந்து அனுப்பும் கருவிகளை அமைக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. மிக நல்ல உத்தரவு. அதை நாம் முழு மனத்தோடு ஆதரிக்கிறோம். அதன் நோக்கம் கழிவின் அளவைத் திரிக்காமல் தெரிந்துகொள்வது. கழிவுநீர் இருக்கும் இடத்தில் கருவிகளைப் பெருக்கும்படி சொல்லும் சர்க்கார், அக்கருவி சரியாக அளக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், அது பொறி விடுமா என்றும் அதே மூச்சில் கேட்டிருக்கலாம். அளவு தவறினால் நோட்டீஸ் வருகிறது. எர்த் தவறினால் எது வருமென்று சமோலி சொல்லிற்று.

நாம் எந்தக் குறிப்பிட்ட கம்பெனியையும் குற்றம் சாட்ட முன்வரவில்லை. பெரிய தொழிற்சாலைகளில் வர்ணக் கூடங்களும் எரிபொருள் நிலையங்களும் ஜாக்கிரதையாகவே நடத்தப்படலாம். அங்கே தீப்பிடித்தால் முதலாளியின் சொத்து போய்விடும். பின்கட்டுத் தொட்டியோ காண்டிராக்டரின் வசம். அங்கே இறங்குகிறவன் காண்டிராக்டரின் ஆள், பெரும்பாலும் வெளி மாகாணத்து இளைஞன். ஐரோப்பாவில் 2003 முதல், வெடிக்கும் வாயு தோன்றக்கூடிய வேலைத் தலம் எதுவானாலும், அதை மண்டலங்களாகப் பிரித்து, எடுத்த முன்னேற்பாடுகளை எழுதி ஆவணமாக வைத்திருக்க வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை. கழிவுநீர் நிலையத்துக்கும் அதில் விலக்கில்லை. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் தலைமைக் காரியாலயம் வைத்திருக்கும் நிர்வாகம், தன் ஊரில் எழுதி வைக்கும் ஆவணத்தை ஒரகடத்திலும் எழுதி வைக்க ஏன் கூசவேண்டும்? அங்குள்ள தொழிலாளியின் உயிருக்கு ஒரு விலை, காஞ்சீபுரம் ஜில்லாத் தொழிலாளியின் உயிருக்கு ஒரு விலை என்று கணக்கிடுவார்களானால், பரதேசி மூலதனத்தை வரவேற்றுப் பந்தல் போட்ட நாம் அதற்குப் பதில் கேட்கக் கடமைப்பட்டவர்கள். சுதேசி முதலாளிகளுக்கும் இதே கேள்விதான். தோல் நிறத்தால் பொறியின் உக்கிரம் குறைவதில்லை.

எச்சரிக்கை எந்த பாஷையில் இருக்கிறது என்பதும் சிறிய விஷயமல்ல. கருவியின் மேலுள்ள தகட்டில் சில எழுத்துக்களும் எண்களும் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கும். எந்த வகைப் பாதுகாப்பு, எந்த வகை வாயுவுக்கு ஏற்றது, மேற்பரப்பு எவ்வளவு சுடும் என்ற மூன்று செய்திகளும் அதில் அடக்கம். ‘டி-3’ என்றால் 200 டிகிரிக்கு மேல் சுடாது என்று பொருள். ‘டி-4’ என்றால் 135. மீத்தேனுக்குத் தகுந்த கருவி ஹைட்ரஜன் ஸல்பைடுக்குத் தகாமற் போகலாம். இதைக் கற்றுக்கொள்ள எஞ்சினீயரிங் பட்டம் அவசியமில்லை. ஒரு மாலை நேரம் போதும். ஆனால் கைப்புத்தகம் இங்கிலீஷில் அச்சாகி நிர்வாகியின் அலமாரியில் இருக்கிறது; போல்ட்டைக் கழற்றுகிறவனுக்குத் தமிழோ ஒரியாவோ ஹிந்தியோதான் தெரியும். குருவிடம் பெற்ற ரகசிய மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி ஊரறியச் சொன்னதாகப் போற்றப்படும் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அந்த ஊரின் எல்லையில், உயிர் காக்கும் நாலு வாக்கியம் அலமாரிக்குள் பூட்டிக் கிடப்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

மதிற்சுவருக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். தொழிலாளிகள் வசிக்கும் வாடகை வீடுகளும் விடுதிகளும் பண்ருட்டி, மாம்பாக்கம், வல்லம், சுங்குவார்சத்திரம் எங்கும் பெருகிவிட்டன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தொட்டி. பல வீடுகளில் அதனுள் ஒரு மின்பம்பு. தொட்டியை இறைக்கும்போது உள்ளே இருட்டாயிருக்கிறதென்று 230 வோல்ட் பல்பைக் கம்பியில் கட்டித் தொங்க விடுவதும், கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டுவதும், வாயு இருக்கிறதா என்று பார்க்கத் தீக்குச்சியைக் கிழித்துப் போடுவதும் அறியாமையால் நடக்கக் கூடியவை. இவை மூன்றும் அத்தாட்சியில்லாத கருவிகளே. தீக்குச்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தக்க உபகரணமின்றி மனிதனைத் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அவ்விதம் இறப்போர் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இறந்த பின் முப்பது லட்சம் கொடுப்பதைவிட, இறக்குமுன் வாயு அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றை ஒவ்வொரு பஞ்சாயத்துக் காரியாலயத்திலும் வாங்கி வைத்து, கேட்பவர்களுக்கு இரவல் கொடுப்பது மலிவல்லவா? அந்தக் கருவியும் எரியும் வாயு உள்ள இடத்துக்கென்று அத்தாட்சி பெற்றதாக இருக்க வேண்டுமென்பதை மறந்துவிட வேண்டாம்.

தொழிற்பேட்டைகளின் நிலத்தைக் குத்தகைக்கு விடுவது சிப்காட் ஸ்தாபனம். 1971 முதல் நடந்துவரும் சர்க்கார் ஸ்தாபனம் அது. சட்டம் மாறும் வரை காத்திராமல், குத்தகைப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனையைச் சேர்க்க அதனால் முடியும்: கழிவுநீர் நிலையத்தின் அபாய மண்டலங்களைக் காட்டும் வரைபடம், அங்குள்ள ஒவ்வொரு மின்கருவியின் அத்தாட்சி, எர்த் பரீட்சையின் கடைசித் தேதி ஆகிய மூன்றும் நிலையத்தின் வாயிலிலேயே தமிழிலும், வேலை செய்பவர்களின் பாஷையிலும் எழுதித் தொங்கவிடப்பட வேண்டும். வருஷத்தில் ஒரு நாள் மூன்று இலாகா அதிகாரிகளும் ஒன்றாக வந்து அதில் கையெழுத்திட வேண்டும். இதற்குப் புதிய இலாகாவும் வேண்டாம், கமிஷனும் வேண்டாம்.

தொழிற்சங்க ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளம், போனஸ், சங்க அங்கீகாரம் இவற்றுக்காக இந்த வட்டாரத்தில் நீங்கள் நடத்திய போராட்டங்களை நாடு அறியும். அவற்றில் காண்டிராக்ட் தொழிலாளியின் பின்கட்டு அதிகமாக இடம்பெற்றதில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறோம். அடுத்த பேச்சு வார்த்தைக்குப் போகும்போது, உங்கள் கோரிக்கைப் பட்டியலின் அடியில் அந்த மண்டல வரைபடத்தின் ஒரு பிரதியையும் கேட்டு எழுதுங்கள். வரைபடம் இல்லையென்று நிர்வாகம் சொல்லுமானால், அந்தப் பதிலையே எழுத்தில் வாங்கித் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் தலைமை மின் ஆய்வாளருக்கும் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புங்கள். ஒரு பிரதியை நமது காரியாலயத்துக்கும் அனுப்பினால் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.